வேண்டுதல் பெட்டியில் ஜானட் பெயர்

ஜூன் 3, செவ்வாய்
காஸ் வந்தது. சங்கரா மீன் விலை கேட்டுவிட்டு மத்தியோடு திரும்பினேன். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி.

மாடியில் இருக்கும் ஓரகத்தி ஜானட் துணி காயப்போடும்போது சொன்னாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டரும் பார்த்துவிட்டார். இரண்டு தடவை கலைந்த பிறகு இது. "மூணு மாசம் முடியட்டும்க்கா. அத்தைக்குத் தெரியவே கூடாது." நியாயம்தான். போன தடவை மாமியார் தெரு முழுக்கச் சொன்னார். கலைந்த பிறகு அதே தெரு துக்கம் விசாரிக்க வந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. "நீ மட்டும் வேண்டிக்கோ," என்றாள்.

வேண்டாமலா? போனில் இருக்கும் செபமாலை ஆப்பில் 'உங்கள் வேண்டுதல்' என்று ஒரு பெட்டி உண்டு. எழுதினேன்: "ஜானட் வயிற்றில் இருக்கும் குழந்தை தங்க வேண்டும், தாயே." கோயிலில் சீட்டு எழுதி மாதா காலடியில் போடுவேனே, அதுபோலத்தான்.

ஜூன் 6, வெள்ளி
செபமாலை நடுவே குழந்தை டயப்பர் விளம்பரம். தற்செயல்.

ஜூன் 9, திங்கள்
இன்றைக்குத் தொட்டில், கர்ப்பிணிகளுக்குத் தைலம், ஸ்கேன் சென்டர். சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரர் என் போனைப் பார்த்துவிட்டார்.
"இன்னாமே இது?"
"விளம்பரம்."
"எனக்கு வரல. உனக்கு மட்டும் இன்னாத்துக்கு வருது?"
எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. மாதவிலக்கு நின்றே இரண்டு வருஷம். மனிதர் ஹார்பருக்கு ஷிஃப்ட் போனார். சாயங்காலம் கையில் மாங்காய். ஏன் என்றால், "சும்மாதான். வழில வித்துகினு இருந்தான்." பைத்தியம்.

ஜூன் 14, சனி
எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கோயில் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து செபிக்க வந்திருந்தன. ஆப்பை ஸ்பீக்கரில் போட்டுச் செபமாலை. சனிக்கிழமை, சந்தோஷ தேவ இரகசியம். இரண்டாவது — மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்தது — முடிந்தது. 'ஆமென்' சொன்ன வாய் மூடுவதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண்: "நீங்க கர்ப்பமா? வாழ்த்துகள்! உங்க குட்டிப் பாப்பாவுக்கு—"

மாமியார் சிலுவையம்மாள் மணி உருட்டுவதை நிறுத்தி, "யாருடி இங்க முழுவாம கீறது?" என்றார். கண் ஒவ்வொருவராகச் சுற்றி ஜானட்டிடம் வந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என் போனு அத்தே. எனக்குத்தான்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? வீடே சிரித்தது. "எலிசபெத்தம்மாளுக்கே ஆண்டவரு கெழவியில குடுத்தாரு, உனக்கு இன்னா கொறச்சலு!" — மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஜானட் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரும்.

ஜூன் 15, ஞாயிறு
பூசை விட்டு வரும் வழியில் ஜானட் பிடித்துக்கொண்டாள்.
"யார்கிட்டக்கா சொன்ன?"
"சத்தியமா மாதாகிட்ட மட்டும்."
"மாதா இன்னா டயப்பரா விக்கிறாங்க?"
விடுவிடுவென்று முன்னால் போய்விட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்
மாதாவிடம் சொன்னது அந்தப் பெட்டி வழியாகத்தானே? ஜானட் வேண்டுதலை அழித்துவிட்டு, சோதிக்க ஒன்று எழுதினேன்: "என் கணவர் அருள்பிரகாசத்துக்குத் தலையில் முடி முளைக்க வேண்டும்." கல்யாணத்தன்றே அவருக்கு நெற்றி பெரிது. பொய் வேண்டுதல் பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம்.

ஜூன் 18, புதன்
மூலிகை முடி எண்ணெய். முடி நடும் ஆஸ்பத்திரி, தவணை வசதியோடு.
அடப்பாவிகளா.

ஜூன் 19, வியாழன்
கல்மண்டபம் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தவ்ஃபீக்கிடம் காட்டினேன். "ஆன்ட்டி, ஆப்பு ஓசி. அப்ப அவன் எதுல துட்டு பாக்குறான்? நீங்க எழுதுறது, போற வர எடம், எல்லாத்தையும் விளம்பரக்காரனுக்குக் குடுத்துத்தான்." வீட்டுக் கணக்கில் வராத காசைத் துருவித் துருவிக் கேட்பவள் நான். இலவசத்தை மட்டும் கேட்டதே இல்லை.
"அதான் அழிச்சிட்டேனே?"
"உங்க போன்ல அழிஞ்சிச்சு. அங்க போனது யார் யார் கைல கீதோ. அதான் பேஜாரு."

முதலில் படிக்காமல் 'சம்மதம்' அழுத்திய நிபந்தனைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நண்பர் எண்கள், இருக்கும் இடம், மைக் — எல்லாவற்றுக்கும் சரி சொல்லியிருக்கிறேன். செபமாலைக்கு என் போனில் இருக்கும் நம்பர்கள் எதற்கு? 'எங்கள் கூட்டாளிகளோடு பகிர்வோம்' என்று ஒரு வரி. யார் அந்தக் கூட்டாளிகள்? ஆண்டவர் பார்த்துத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சீடர்களிலேயே ஒருவன் காட்டிக்கொடுத்தான்.

ஆப்பை எடுத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி
மாடிக்குப் போய்ச் சொன்னேன். பெயரோடு எழுதினதையும் மறைக்கவில்லை. ஜானட் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கம்மாகிட்ட கூட சொல்லலக்கா நானு," என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முடி வேண்டுதலையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமாவுக்கா? மாதாவே நேர்ல வந்தாலும் ஆவாதுக்கா."
"மன்னிச்சிட்டியா?"
"இன்னும் இல்ல."

ஜூலை 2, புதன்
மீன்காரி மங்கை பால்சுறா ஒரு துண்டு கூடப் போட்டாள். "புள்ளத்தாச்சி, பால் ஊறும், இப்பவே துன்னு பழவிக்கோ." மறுக்கவில்லை. தெருவின் பேச்சு என் மேல் இருக்கும் வரை மாடிப் பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஹார்பரில் அவரையும் 'நைனா ஆவப்போறியாமே' என்று ஓட்டுகிறார்களாம். "இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "சொன்னா, அப்பால வேற யாருன்னு தேடுவாங்கோ," என்றார், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே.
இவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? டிபன் பாக்ஸில் பால்சுறா வைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 26, சனி
மாதாவின் தாய் அன்னம்மாள் திருநாள். மூன்று மாதம் தாண்டிவிட்டது. பூசை முடிந்து வந்ததும் ஜானட்டே மாமியாரிடம் சொன்னாள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்போ உன்னுது?" என்றார். நிஜமாகவே ஏமாந்த முகம்.

சாயங்காலம் ஜானட் கீழே வந்தாள். "இன்னொண்ணு வேண்டிக்கணும்க்கா." சொல்வதற்கு முன்னால் என் போனை எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினாள். அப்புறம் வந்து காதில் சொன்னாள்.

என்ன என்று இங்கேயும் எழுதவில்லை.