நான் சொன்ன உதாரணம்

திருவனந்தபுரம் கோட்டை
6-8-1937

சௌபாக்கியவதி விஜயத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பகவான் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்குத் தன் பழைய முறையீட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே, ஈர விறகோடு போராடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

வாலாம்பாள் ஏன் பதில் போடுவதில்லை என்று கேட்டிருந்தாய். நம் எதிர்வீட்டுச் சுந்தரராமன் மருமகளாய் வந்த அவளுக்குச் சித்திரையில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது உனக்குத் தெரியும். அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, கிணற்றடியில் நின்று தனக்குத்தானே பேசுவாள். ஒரு நாள் நான் அதைப் பார்த்தேன். அந்தச் சமயம் மனசின் வியாதிகளைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை லைப்ரரியிலிருந்து எடுத்துப் பாதி படித்திருந்தேன். பாதி படித்தவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதை முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கண்டவன் நான், ஆனாலும் குளக்கரையில் வெங்கடகிருஷ்ணனுக்குப் புத்தி பேதலிப்பது எப்படி என்று விளக்கும்போது, உதாரணமாக நம் வாலாம்பாளை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவைத்தேன். உதாரணம் இல்லாமல் எனக்கு எந்த நாளில் பேச வந்தது?

ஒரு மாதம் கழித்து அதே சங்கதி வேறு வேஷத்தில் என்னிடமே வந்தது. அவள் உச்சி வேளையில் தலையை விரித்துப்போட்டு, ஆண் குரலில் மலையாளம் பேசுகிறாளாம். நானும் நம்பினேன். தெருவே சொல்கிறது, பொய்யாக இருக்குமா என்று அம்மாவிடம் வாதாடவும் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் எங்கள் நாலு பேரைக் கூடத்தில் உட்காரவைத்து, மந்திரவாதியை அழைப்பது, அதிலும் குணமாகாவிட்டால் செங்கோட்டைக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது என்றார். அனுப்பினால் திரும்ப அழைக்க மாட்டார்கள், பையனுக்கு வேறு பெண் பார்ப்பார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினோம். பக்கத்துப் பையன் கை தூக்குகிறான் என்று தானும் தூக்குகிற பிள்ளைகளை நான் எத்தனை தடவை பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன்.

தலை ஆடினாலும் வாய்ப்பழக்கம் விடவில்லை. அந்த நாலு பேரில் ஒருவனான சுப்பு, பிசாசுதான் சந்தேகமே இல்லை என்றதும் என்னை அறியாமல், ஓர் உதாரணம் சொல்லும், நீர் பார்த்ததைச் சொல்லும் என்று கேட்டுவிட்டேன். அவன் விழித்து, நான் எங்கே பார்த்தேன் ஓய், ஆத்துக்காரி சொன்னா ஆக்கும் என்றான். மற்றப் பெண்களோடு உள்ளே இருந்த அவள், எனக்கென்ன தெரியும், வெங்கடகிருஷ்ணன் ஆத்து மாமி சொன்னா என்றாள். வெங்கடகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆத்திலே நான்தான் சொன்னேன், எனக்குச் சொன்னது நீர்தானே ஸார், குளக்கரையிலே, ஓர்மை இல்லையா என்றார். ஊரே சொல்கிறது என்று நான் நம்பினேனே, அந்த ஊர் நான்தான். கதவுக்குப் பின்னாலிருந்து உன் அம்மா சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

மந்திரவாதி பேச்சு அன்றைக்கு நின்றது. என் பழைய மாணவன் டாக்டர் ஞானசிகாமணியை அழைத்துவந்தேன். அவன் வெகுநேரம் அவளோடு பேசிவிட்டு வந்து, பிசாசுமில்லை பைத்தியமுமில்லை ஸார், துக்கம், வீட்டில் யாரும் குழந்தை என்ற பேச்சையே எடுப்பதில்லை, அதனால் கிணற்றிடம் பேசுகிறாள், இப்படியே அடைத்துவைத்தால்தான் வியாதியாகும், தினமும் யாராவது பக்கத்தில் இருந்து கேட்கட்டும், புத்தி மட்டும் சொல்ல வேண்டாம் என்றான். நானே போகிறேன் என்றேன். நீங்க வேண்டாம், உதாரணம் சொல்லுவேள் என்று அம்மா முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு தானே போய்விட்டாள், தினமும் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டே பேசுகிறார்கள். வாலாம்பாள் இப்போது ஒரு வேளையாவது சாப்பிடுகிறாள். ஆனால் மாமியார் மனசு முழுக்க மாறவில்லை, ஓணம் வரை பார்ப்போம் என்கிறாள்.

அதனால் நீ வாலாம்பாளுக்கு உடனே எழுது அம்மா. தைரியமாக இரு, எல்லாம் நன்மைக்கே என்றெல்லாம் வேண்டாம், அதற்கு இந்தத் தெருவில் நான் ஒருவன் போதும். முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னாளாம், அந்தப் பெண்குழந்தைக்கு மனசுக்குள் காந்திமதி என்று பேர் வைத்திருந்தாளாம். பேர் என்னவென்று அவளை அதுவரை யாரும் கேட்டதில்லை. உன் கையால் ஒரு தடவை எழுது.

நீங்கள் இருவரும் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல்லு. ஒன்று மறக்காதே, கார்டில் எழுதாமல் கவரில் போட்டு நன்றாக ஒட்டி அவள் பேருக்கே அனுப்பு. கார்டானால் தபால்காரன் கையிலிருந்து வாங்கி முதலில் படிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

இப்படிக்கு உன் அப்பா,
ராமசுப்ரமணியன்