நங்கைக்கு வசனம் இல்லை

மார்ச் 3, ஞாயிறு

மீசை போய்விட்டது. இருபது வருட மீசை. திருவிழா நாடகத்தில் சேனாதிபதி பரஞ்சோதியின் மனைவி திருவெண்காட்டு நங்கை நான்தான். எட்டாவது ஃபெயிலானவனுக்கு வசனம் குறைந்த வேஷம் போதும் என்று பரமசிவன் வாத்தியார் முடிவு செய்துவிட்டார். வாதாபியை அழித்தவரை எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி பெயரை நானே மூன்று முறை எழுதித்தான் மனப்பாடம் செய்தேன். மகன் சீராளனாக என் மகள் இந்து. ஏழு வயது.

மார்ச் 10

ஒத்திகை. சிவனடியாராக வந்த சாமி பிள்ளைக்கறி கேட்கிறார். நான் இந்துவின் கால்களைப் பிடித்துக்கொள்ள, பரஞ்சோதியாக வரும் நவநீதன் தகரக் கத்தியை ஓங்க வேண்டும். அங்கே நங்கைக்கு வசனமே கிடையாது. சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம்.

திரும்பும்போது இந்து கேட்டாள்: "அந்தம்மா வேண்டாம்னு சொல்லலியாப்பா?"

"நோட்டுல இல்ல கண்ணு. கடைசில சாமி பையனத் திருப்பிக் குடுத்துரும்."

"அது அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொண்டேன்.

மார்ச் 13

இந்து என் பக்கத்தில் படுப்பதில்லை.

மார்ச் 15

சட்டைப் பட்டன் போடப் போனால் விலகுகிறாள். என் மனைவி சசிகலா வெடித்துவிட்டாள்: "ஏனுங்க, புள்ள உங்களப் பாத்தே பயப்படுது, தெரியுதுங்களா? நாடகம் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு வாங்க."

சொல்லலாம்தான். நோட்டீஸ் அடித்தாயிற்றே? டீ ஃபேக்டரியில் டிரையர் சூட்டில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். வாத்தியார் முன்னால் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை — நானெல்லாம் ஒரு அப்பன்.

மார்ச் 24

நேற்று சாயங்காலம் நாடகம். கால்களைப் பிடித்தேன். நவநீதன் கத்தியை ஓங்கினான். இந்து கத்தியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"முடியாது! எம்புள்ளயத் தரமாட்டேன்!"

என் வாயா அது? மைக்கில் கேட்டது. அவளை வாரிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். சவுரி, தடுக்கப் பிடித்த நவநீதன் கையோடு போய்விட்டது.

வாத்தியார் துரத்தி வந்தார்: "பாவி, கதையே போச்சேய்யா! சாமிக்கு இப்ப என்னத்தப் போடறது?"

கொழுந்து பறிக்கும் கருப்பம்மாக்கா முன்வரிசையிலிருந்து கத்தினார்: "உப்புமா கிண்டிப் போடுங்க!"

ஊரே சிரித்தது. இந்து சிரிக்கவில்லை. இறக்கிவிட்டதும் அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

மார்ச் 26

கமிட்டி என்னை நீக்கிவிட்டது. அடுத்த வருடம் டியூப்லைட் கட்டும் வேலை மட்டும்.

ஏப்ரல் 7

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். இந்து தானும் வருவதாகச் சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அருவங்காட்டில் இறங்க வேண்டும். எழுப்பவில்லை. கண்டக்டர் முறைத்தார். ஊட்டி வரை டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.