இஞ்சினியர் தேர்தல் கேட்கிறார்

அநுராதபுரம்
12.5.77

அன்பின் ஸுல்பிகாவுக்கு ஸலாம். நான் சுகம். நீயும் மகள் நதீராவும் அப்படியே இருக்க அல்லாஹ் போதுமானவன்.

நம் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் இவ்வளவு தூரம் என் குவார்ட்டர்ஸைத் தேடி வந்தார்கள். தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம். வாய்க்கால் கடைசியில் கிடக்கும் வயல்களுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் நீர்ப்பாசனம் படித்தவன்தான் பாராளுமன்றம் போக வேண்டும் என்றார்கள். மறுக்க முடியவில்லை. உத்தியோகத்தை இராசினாமாச் செய்ய வேண்டிவரும், பென்சனும் இல்லை. கோபிக்காதே, முதல் கூட்டத்தை நம் வீட்டில் வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

உன்
அபுல் ஹஸன்


நற்பிட்டிமுனை
21.5.77

மச்சானுக்கு ஸுல்பிகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் இல்லாமலே உங்கள் கூட்டம் நடந்தது. அரைவாசி ஊர் வந்தது. உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாய்வழியில் நீங்கள் எந்தக் குடி, எத்தனை பேருக்கு டீச்சர் வேலை எடுத்துத் தருவீர்கள், இதுதான் கதை. கடைசியில் அப்துல் ஸமட் மரைக்கார், "இஞ்சினியர் நேர்மையான மனிசன்தான். அதால நமக்கு என்ன வரும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. திரைக்குப் பின்னால் நின்று சொன்னேன்: "இது வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. இனிக் கூட்டமெண்டா அவர்ர உம்மாட வீட்டுல வைங்க."

பெண்சாதி வீட்டை விட்டு உம்மா வீட்டுக்குப் போகும் ஆம்பிளையை நம் ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்துதான் சொன்னேன். நாம் பிரிந்துவிட்டதாக மறுநாளே பேச்சு. அப்படிப்பட்டவருக்கு எப்படி வோட்டுக் கேட்பது என்று மரைக்கார்மார் இப்போது உங்களுக்குப் பதிலாக நெல் மில்காரரைப் பிடித்திருக்கிறார்கள். இராசினாமாவைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஸுல்பிகா


அநுராதபுரம்
30.5.77

ஸுல்பிகாவுக்கு,

இராசினாமாவை நான் இன்னும் எழுதவே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். மில்காரர் என்று வாசித்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது. அவர் வெல்லுவார். நான் ஊர்ப்பக்கம் மாற்றலாகி வந்தால், தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்கு உத்தரவு போடுவார். நானும் எழுந்து நின்று "ஓம் சேர்" என்பேன்.

உன்னைக் கேட்காமல் உன் வீட்டைக் கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் நீ சொன்னது இங்குள்ள நம் ஊர்க்காரர் வரைக்கும் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் கதைக்கிறார்கள்.

அடுத்த மாதம் லீவு கிடைக்கும். எந்த வீட்டுக்கு வருவதென்று எழுது.

அபுல் ஹஸன்