பதினொரு செக்கன்

பன்வில
2025 மார்ச் 4

மகன் ரவிகுமாருக்கு,

அப்பா இருளப்பன் சொல்ல, கடைக்கார றலியா எழுதுறாங்க. நான் ஏதோ இருக்கேன். சர்மிளாவும் பிள்ளையும் சுகமா இருக்கணும். போன்ல பேசினா நீ "சரிப்பா"ன்னு கட் பண்ணிடுவ. கடுதாசின்னா முடியிற வரைக்கும் வாசிச்சுத்தான் ஆகணும்.

கண்டி கிளினிக்குல முடிவு சொல்லிட்டாங்க. நெஞ்சு வால்வு சுருங்கிப்போச்சாம், மாத்த வேண்டியதுதானாம். ஆனா ஒடம்பு தளர்ந்த ஆளு, தாங்காது, மாத்திரையோட இருக்கட்டுமாம். தளர்ந்த ஆளுன்னு அவங்களுக்குச் சொன்னது யாரு? நீதான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா காதுல விழுந்தது மறக்காது. நீ கூட்டிட்டுப் போன அன்னைக்கு, கிளினிக்குல என் ஒடம்பு பலத்தச் சோதிச்ச அந்தத் தர்ஷனா மிஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டுச்சு, யாரு சமைக்கிறது, யாரு துணி துவைக்கிறது, தனியாக் குளிப்பீங்களான்னு. நான் வாயத் தொறக்குமுன்ன நீ சொன்ன: "அப்பாவ நாங்க ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல மிஸ். குளிக்க வைக்கிறதும் நாங்கதான்."

அவ்வளவு தூரத்துல வத்தளையில இருக்கிறவன் பன்வில தோட்டத்து லயத்துல இருக்கிற என்னை எப்பிடிடா குளிக்க வைக்கிற? உங்கம்மா போய் பன்னெண்டு வருஷம். உலை வைக்கிறதும் நான், பீலியில தண்ணி பிடிச்சுத் தூக்குறதும் நான். மேட்டுல ரெண்டு தரம் நின்னு மூச்சு வாங்கித்தான் ஏறுறேன். அதுக்குத்தானே வால்வு கேக்குறேன்.

மூணு வார்த்தை சொல்லி மிஸ் ஞாபகம் வச்சுக்கச் சொன்னுச்சு. "அவருக்கு மறதி மிஸ்"னு நீ சிரிச்ச. நாப்பது நாள் ஆச்சு. ஆடு, சாவி, மேசை.

கை பலம் பாக்குற அந்தக் கைப்பிடி மெஷின மெல்ல அழுத்தினது என் தப்பு. ஆஸ்பத்திரிச் சாமான், ஒடைஞ்சா உன் தலையில விழுமேன்னு பாத்தேன். முப்பத்தேழு வருஷம் தேயிலைச் செடி வெட்ட கவ்வாத்துக் கத்தி பிடிச்ச கை.

படிச்சவங்க முன்னால உன்னை விட்டுக்குடுக்க மனசு வரல. அதான் வாய மூடிக்கிட்டிருந்தேன். இப்ப நீ உண்மைய அவங்களுக்கு எழுதிப் போடு. எனக்கு உயிர் வேணும்.

அப்பா
(பெருவிரல் அடையாளம்)


வத்தளை
2025 மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இதையெல்லாம் றலியா அக்காவை வைத்தா எழுத வேண்டும்?

தர்ஷனா மிஸ், சர்மிளாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். நீங்கள் எங்களோடு இருப்பதாகத்தான் சர்மிளாவின் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எழுபத்தெட்டு வயதில் அப்பா லயத்தில் தனியாகப் பொங்கித் தின்கிறார் என்று அவர் முன்னால் எந்த வாயால் சொல்வேன்? நெஞ்சைத் திறந்து ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் என்னைத்தான் பேசுவார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள் அப்பா. சித்திரைக்கு வருகிறேன்.

உங்கள் மகன்
ரவி


பன்வில
2025 ஏப்ரல் 8

ரவி,

உன் கடுதாசிய றலியா ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினாங்க. மறுவாரம் நானே பஸ் ஏறிக் கண்டிக்குப் போயிட்டேன். மிஸ்ஸுகிட்ட, மகன் சொன்னத அடிச்சிருங்க, இனி நான் சொல்றேன்னேன்.

எல்லாம் கேட்டுச்சு, எல்லாத்துக்கும் நான்தான்னு சொன்னேன். மெஷின அழுத்தினேன், போதும் தாத்தா விடுங்கன்னுச்சு. கை ஊன்றாம கதிரையில இருந்து அஞ்சு தரம் எந்திரிச்சேன். பழைய மூணு வார்த்தையையும் கேக்காமலே சொன்னேன். அப்ப மகன் ஏன் அப்பிடிச் சொன்னார்னு கேட்டுச்சு. அவன் செய்ய ஆசைப்பட்டதச் சொல்லிட்டான் மிஸ்னேன்.

அப்புறம் நடை வேகம் பாக்க, தரையில போட்டிருந்த அந்தக் கோட்டுல திரும்பவும் நடக்க விட்டாங்க. நீ கூட வந்த அன்னைக்குப் பதினொரு செக்கன் எடுத்தது இப்ப அஞ்சுதான். அன்னைக்கு ஏன் அவ்வளவு மெதுவா நடந்தீங்கன்னு கேட்டுச்சு. அதுக்கு மட்டும் நான் பதில் சொல்லல. உனக்குச் சொல்றேன்.

அன்னைக்கு நீ என் கையப் பிடிச்சிருந்த. உங்கம்மா கருமாதிக்குப் பிறகு நீ என்னத் தொட்டது அதுதான். கோடு முடிஞ்சா விட்டுருவியேன்னு மெதுவா நடந்தேன்.

டொக்டர்மார் திரும்பவும் கூடிப் பேசி, செய்யலாம்னுட்டாங்க. மே பத்தொம்பது வாட்டுல சேரணும். ஒப்பரேஷன் மேசையிலயே உயிர் போகவும் கூடும்னு பெரிய டொக்டர் மறைக்காமச் சொன்னாரு. போனாப் போகுது, செய்ங்கன்னேன். கையெழுத்துக்கு என் பெருவிரல் போதுமாம்.

வர்றதுன்னா வா. ஆனா உள்ள போகும்போது கையப் பிடிக்காத, நான் தனியாத்தான் போவேன். வால்வு மாத்தி எந்திரிச்சு வந்த பிறகு பிடி. அப்ப எவ்வளவு மெதுவா வேணும்னாலும் நடக்கிறேன்.

அப்பா
(பெருவிரல் அடையாளம்)