அந்தக் கார்டின் நிஜ எண்

நவம்பர் 5, புதன். கூத்தாநல்லூர்

மறுபடியும் அதே கூத்து. கம்ப்யூட்டரில் டிரைவர் சாஃப்ட்வேர் ஏறியதும் திரை கறுத்துப்போகிறது. என் அருமைத் தம்பி ஃபாஜில் சென்னையில் செகண்ட்ஹேண்டில் பிடித்து அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு! "புதுசு மாதிரி லாத்தா, நாலு ஜிபி" என்று பீற்றிக்கொண்டான். வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

பழைய கார்டு புகைந்துபோனதிலிருந்து கல்யாண வீடியோ எதுவும் எடிட் பண்ண முடியவில்லை. கார்டு இல்லாமல் படம் தத்தித் தத்தி நிற்கிறது. மெஹராஜ் மாமி மகள் அஃப்ரீனின் மருதாணி வீடியோ அப்படியே கிடக்கிறது. பதினைந்தாம் தேதி அவள் மாப்பிள்ளையோடு குவைத்துக்குப் பறக்கிறாள். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

நவம்பர் 6

சர்வீஸ் கடை பிரபு, "சிஸ்டத்தைக் கொண்டாந்து வச்சுட்டுப் போங்கக்கா, ஒரே நாள்ல பாத்துடலாம்" என்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் எப்படிக் கொடுப்பது? பெண்கள் மட்டும் கூடிய விசேஷம், முக்காடில்லாமல் ஆடிப் பாடிய படம். பொம்பளை கையைத் தாண்டிப் போகாது என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்துத்தான் என் தொழிலே நடக்கிறது. வீடியோவை வேறு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டு, சிஸ்டத்தில் அழித்துவிட்டுக் கொடுக்கலாமே என்றால், அவர் கடை போர்டிலேயே ‘அழிந்த போட்டோ, வீடியோ மீட்டுத் தரப்படும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது!

எடிட் பண்ணாமல் மாமியிடம் கொடுக்கவும் வழியில்லை. வந்தவர்களில் சிலர், "படத்துலேர்ந்து என்னைத் தூக்கிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாமியிடம் நிலைமையைச் சொன்னேன். "ஆகலைன்னா அழிச்சிடு புள்ள. வெளியில மட்டும் குடுத்துடாதே." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் வலித்தது. அந்தப் படத்தில் மாமி விழுந்து விழுந்து சிரிக்கிறார். மாமா மௌத்தாகி அடக்கம் பண்ணிய பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதை அழிப்பதா? மாட்டேன்.

நவம்பர் 7

மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 8

கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு பிரபுவிடம் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. வயலில் நின்ற தண்ணீரை வடிக்கப் போயிருக்கிறார். சாயங்காலம் சேற்றுக் காலோடு வந்து, தன் மெஷினில் செருகிப் பார்த்தார். அங்கேயும் அதே கறுப்பு.

"பேரு கரெக்டாத்தான் காட்டுதுக்கா. ஆனா கார்டு செத்துடுச்சு. தூக்கிப் போடுங்க."

"செத்தது எப்படிங்க பேர் சொல்லும்?" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 9

நாள் முழுக்க நெட்டில் படித்தேன். கார்டு கம்ப்யூட்டரிடம் சொல்வது பெயர் இல்லையாம், ஒரு எண். அந்த எண்ணை வைத்துத்தான் விண்டோஸ் எந்த டிரைவர் என்று முடிவு பண்ணுகிறது. என் கார்டின் எண்ணைப் பார்த்தேன். பெட்டியில் போட்ட மாடலுக்கு உரிய எண்ணேதான். பிறகு என்ன கேடு?

அந்த எண்ணே பொய்யாக இருந்தால்? கார்டுக்குள் யாரோ எழுதி வைத்ததுதானே அது. எழுதியதை மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நவம்பர் 10

கார்டின் ஃபேனைக் கழற்றி, சிப்பின் மேல் காய்ந்திருந்த பேஸ்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். எழுத்து தெரிந்தது. பெட்டியில் ஒன்று, சிப்பில் வேறொன்று! பல வருஷம் முந்தைய சிப். பழைய கள்ளு, புது மொந்தை. விற்றவன் விளங்குவானா? புது கார்டின் எண்ணை அதற்குள் எழுதிவிட்டிருக்கிறான். விண்டோஸ் அதை நம்பிப் புது டிரைவரைப் போட, பாவம், பழைய சிப்பு தாங்காமல் படுத்துவிடுகிறது.

ஃபாஜிலை போனில் பிடித்து விளாசினேன். "பேரு காட்டுச்சே லாத்தா" என்றான். என்னையும்தான் அந்தப் பேர் அத்தனை நாள் அலைக்கழித்தது. திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

அசல் எண்ணைத் திரும்ப எழுதிவிட்டால் போதும். எழுதுவேன்.

நவம்பர் 12

அந்தச் சிப்புக்கும் போர்டுக்கும் பொருந்துகிற அசல் கோப்பு நேற்றுக் கிடைத்தது. எழுதும்போது கரண்ட் போனால் கார்டு நிஜமாகவே மௌத்து. யூபிஎஸ் பேட்டரியோ எப்போது காலை வாரும் என்று தெரியாது. மழை விடக் காத்திருந்தால் அஃப்ரீன் போய்விடுவாள். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு அழுத்தினேன்.

அணைத்துப் போட்டேன். கார்டு தன் நிஜ எண்ணைச் சொன்னது. நான் ஒன்றுமே செய்யவில்லை, விண்டோஸே பழைய டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டது. திரை கறுக்கவில்லை. யா அல்லாஹ்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு ஜிபிதான். மெதுவாகத்தான் ஓடுகிறது. ஓடட்டும்.

நவம்பர் 14

கொடுத்துவிட்டேன். தூக்கச் சொன்னவர்கள் ஒருவர்கூட அதில் இல்லை, சரிபார்த்தாயிற்று. மாமி கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். "நானா இது?" என்றார். பிறகு மெதுவாக, "அவ கொண்டு போயிடுவா. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு புள்ள."

அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

டிசம்பர் 2

மன்னார்குடியிலிருந்து வானதி என்று ஒரு டீச்சர் வந்தார். பழுதான லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "மெஹராஜ் அம்மா சொன்னாங்க. அதுல என் சொந்தப் படமெல்லாம் இருக்குங்க. கடையில குடுக்க மனசு வரல." இந்த வாரம் இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

"பாஸ்வேர்டை நீங்களே போட்டுடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பரவாயில்லங்க, எழுதிக்கங்க. உங்களை நம்பித்தானே வந்திருக்கேன்" என்றார்.