ஆளில்லாக் காடு

அன்புள்ள மார்லீன்,

காலையில் எழுந்ததும் நான் தொகுத்த சிறுவர் கவிதைப் புத்தகத்துக்கு அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பைத்தான் பிரித்துப் பார்த்தேன். குடியேறிகள் வந்தபோது இந்த ஆற்றங்கரை ஆளில்லாக் காடாக இருந்தது என்று பாடும் அந்தப் பழைய கவிதை முழுதாக இருக்கிறது. அவர்களுக்கு முன்பே உன் பூர்வகுடி முன்னோர்கள் இங்கே வாழ்ந்ததைச் சொல்லும் என் முன்னுரை இல்லை.

பதிப்பாளர் வாரனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "கனடா தினத்துக்குப் பசங்க மேடையில சொல்றதும்மா. நாட்டோட பிறந்தநாள் கேக்குல யாராவது உப்பைக் கொட்டுவாங்களா?" என்று சிரித்தார். நாளை அச்சாகிறது.

"என் பொண்ணு மேடையில அந்தக் கவிதையைச் சொல்லட்டும்டி, ஆனா முன்னுரையில நாங்க இருக்கணும்" என்று அன்று நீ சொன்னாய். நான் சத்தியம் செய்தேன். அவள் இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள்.

அவளை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட்டையில் தொகுப்பாசிரியர் என்று என் பெயர் இருக்கிறது. அதையாவது எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். உன்னைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் கல்லூரித் தோழி