மணிக்கூட்டிலிருந்து கதவு வரை

ஓகஸ்ட் 11, திங்கள்

கச்சான் காற்று. விடியும்போதே மண் பறக்கிறது. வலது முழங்கால் மோசம், இடது பரவாயில்லை. எண்ணெய் பூசியாயிற்று.

செய்ய வேண்டியது:
– சைக்கிள் பின் சில்லுக்குக் காற்று
– பென்சன் கடிதம், கிராம சேவகர் கையெழுத்து
– கதவு

மூன்றாவதுதான் பாடு. இளையவள் மாலினியின் வீட்டுக்குச் சுவர் எழும்பி, தகரமும் போட்டு, யன்னலுக்குப் பலகையும் அடித்தாயிற்று. முன் நிலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நாய், மாடு எல்லாம் உள்ளே போய் வருகின்றன. நாலு மாதக் கைக்குழந்தையோடு அவளை எப்படி அங்கே விடுவது? இப்போது மூத்தவள் வசந்தியின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கிறாள். வசந்தி வாயால் ஒன்றும் சொல்வதில்லை. சட்டி பானை கழுவுகிற சத்தத்தில் சொல்கிறாள்.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. என் அம்மாவின் வீடு அக்காவுக்குப் போயிற்று. நான் ஒரு சைக்கிளும் இரண்டு சேட்டுமாகப் பாக்கியத்தின் வீட்டுக்கு வந்தேன். அந்த வீடு வசந்திக்குப் போயிற்று. நானும் பாக்கியமும் அதன் பின்பக்கக் குசினியில், அடுப்பங்கரையோடு. மாலினிக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. ஆவணிக்குள் குடிபுக வேண்டும். புரட்டாசியில் ஆகாது, பிறகு மழை.

மரக்காலையில் கதவு விலை கேட்டேன். அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 13, புதன்

கிராம சேவகர் இல்லை. கூட்டமாம்.

பாக்கியம் (இனி பா., மை மிச்சம்) அலுமாரிக்கு மேலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினாள். பிரியாவிடையில் கிடைத்த சுவர் மணிக்கூடுகள். தபால் கந்தோர் ஒன்று, சங்கம் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. வேலை முடிந்தவனுக்கு நேரம் பார்க்க மூன்று மணிக்கூடு.

"குசினிக்க ஒண்டு காணும். மத்தத என்ன செய்யிற?" என்றாள்.

மயிர் வெட்டப் போனேன். சலூன் யோகனின் மணிக்கூடு பத்தேகாலில் நின்று இரண்டு மாதம். பின்னறையில் சாக்கு மூடியபடி இரட்டை காஸ் அடுப்பு. "காஸ் தட்டுப்பாட்டோட விறகுக்கு மாறின, அண்ணன். வீட்டுக்காரி இனித் தொடமாட்டாளாம்" என்றான். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு மணிக்கூட்டையும் கொடுத்தேன். அடுப்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

பா. பார்த்துவிட்டு: "கதவு எங்க?"

வரும் என்றேன். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். எந்த வீட்டுக் கொட்டிலில் எது தூசி பிடித்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 16, சனி

புழுக்கம். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டு வந்துகொண்டிருந்த றஹீமா இப்போது துணியை விட்டுவிட்டார். ரோல்சும் பற்றிசும் பொரித்துக் கடைகளுக்குப் போடுகிறார். வீதியில் கண்டு அடுப்பைப் பற்றிச் சொன்னேன்.

"ஒத்த அடுப்புல முடியுதில்ல அண்ணன். என்னட்டத் தையல் மெசின் ஒண்டு சும்மா இரிக்கி. கண் தெரியுதில்ல, ஊசி கோக்க ஏலா. எடுக்கீங்களா?"

எடுத்தேன். பஸ்சில் ஏற்ற கொண்டக்டரோடு ஒரு சண்டை. தோள்மூட்டும் இனி வலிகளின் கணக்கில்.

ரோல்ஸ் நாலு சும்மா தந்தார். மூன்று வீட்டுக்கு. ஒன்று வழியில் முடிந்தது.

ஓகஸ்ட் 22, வெள்ளி

களுவாஞ்சிக்குடி. வெயிலில் ஒன்பது பத்து வீடு ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு தம்பி, கட்டாருக்குப் போகிறவன், அடுத்த கிழமை பயணம். தோட்டத்தை விட்டுவிட்டான். எண்ணெயில் ஓடும் தண்ணீர்ப் பம்பு கிடக்கிறது. மனைவிக்குத் தைக்கத் தெரியும், தையல் மெசின் இல்லை.

நல்லவன். கேளாமலே சொன்னான்: "அண்ணன், ஒரு விசயம். இது சூடேறினா நிண்டிரும். அரை மணித்தியாலம் ஓடும், பொறகு ஆற விடோணும். ஆறினாலும் சில நேரம் புடிக்காது. சொல்லாம தந்தன் எண்டு இரிக்கப்படா."

"எனக்கென்ன தோட்டமா இரிக்கு?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கிராம சேவகரிடம் போக நேரம் போதவில்லை.

ஓகஸ்ட் 27, புதன்

தேற்றாத்தீவு. பூபாலபிள்ளையின் தோட்டம். என்னிலும் இரண்டு வயது கூட. கத்தரியும் மிளகாயுமாக இருபத்திரண்டு பாத்தி. காலையும் மாலையும் கையால்தான் தண்ணீர், இரண்டு பூவாளி.

அவருடைய பழைய வீட்டு முதிரை மரக் கதவு மாட்டுக்கொட்டிலில் சாய்ந்து நிற்பது எனக்கு எப்போதோ தெரியும். கல்வீடு கட்டியபோது கழற்றியது. அந்தக் கதவில்தான் தட்டுவேன். உள்ளேயிருந்து "ஆரது?" என்பார். "தபால்" என்பேன். மகன் சவூதியிலிருந்து எழுதுகிற கடிதத்தை நானே பிரித்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வீடு. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசித்ததை ஒரு நாளும் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்ததில்லை.

கிணற்றடியில் பம்பை வைத்துக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்தது. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன். கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். கேட்கவில்லை.

"நல்லாத்தான் பாயுது. கதவ ஏத்துங்க தபால்காரர். சும்மா கிடந்து தூசி புடிக்கிறத்துக்கு ஒரு புள்ளைக்கு உதவட்டும்."

ஒரு மாதத்துக்குள், இல்லை, பதினாலு நாளில் இரண்டு மணிக்கூடு முதிரைக் கதவாயிற்று. பா. கதவைத் தடவிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். "கெட்டிக்காரன்தான்" என்றாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் மூன்றாம் தடவை.

சந்தோசமாக இருக்க வேண்டும். களைப்பாகத்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 1, திங்கள்

ஓடாவியார் வந்தார். கதவு அரை அங்குலம் உயரம் கூட, சீவினார். முதிரை மரம் அவருடைய சீவுளியைப் பதம் பார்த்துவிட்டது. பின்னேரம் நாலு மணிக்கு நிலையில் பூட்டி முடிந்தது. மாலினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்தாள், சாத்தினாள், திறந்தாள். பிள்ளை ஒவ்வொரு தடவையும் சிரித்தது. 12ஆம் திகதி வெள்ளி, காலை 6.40க்குப் பால் காய்ச்ச நேரம் வைத்தாயிற்று.

வசந்தி: "எனக்குப் பலாக்கதவு, தங்கச்சிக்கு முதிரை." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

காற்று விடவில்லை. கி.சே. கையெழுத்து ஒரு வழியாகக் கிடைத்தது. சீல் வைக்க மறந்துவிட்டார்.

சந்தையால் வந்த வசந்தி பா.விடம் சொன்னது காதில் விழுந்தது: "பூபாலபிள்ள மாமாட கத்தரிக்காய் இந்தக் கிழமை வரல்ல. பம்பு வந்த சந்தோசப் புளுகத்தில பதினாறு பாத்தி புதிசாப் போட்டவராம். எல்லாம் வாடுதாம்."

சூடை மீன் குழம்பு, எனக்குப் பிடித்தது. பூனைக்குப் போயிற்று.

செப்டெம்பர் 6, சனி

போனேன். புதிய பாத்திகளில் மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. அவர் இரண்டு பூவாளியோடு பழைய பாத்தியில் நின்றார். என்னைக் கண்டதும் அவருக்குத்தான் முகம் சுருங்கியது.

"வாங்க தபால்காரர். உங்கட முகத்தப் பாக்க வெக்கமா இரிக்கு. நல்ல சாமான், என்ட கைக்கு வந்து பழுதாகிற்று. ஆசையில ரெண்டு மணித்தியாலம் ஒரே அடியா ஓட விட்டுட்டன். திருத்திறவன் வந்து பாத்தான், இனிப் புதிசுதானாம்."

"எடுக்கக்குள்ள கூட நேரம் ஓட விட்டுப் பாத்திருக்கலாமே" என்றேன். என் வாய் அதைத்தான் சொல்லிற்று.

"தபால்காரர் கொண்டு வந்தத என்னத்தப் பாக்கிற?"

மனைவி தேத்தண்ணி தந்தார். குடித்தேன். நன்றாகச் சீனி போட்டிருந்தார். சொல்லவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

கோயில் மணி கேட்டது, போகவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கமாகத் திருப்பலாமா என்று உட்கார்ந்து யோசித்தேன்.

கட்டார்த் தம்பி போய்விட்டான். அவன் பெண்சாதி பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாள், தையல் மெசினைக் கேட்க முடியாது. அவன் உள்ளதைச் சொல்லித்தான் தந்தான். றஹீமாவின் இரண்டு அடுப்பும் எரிகின்றன. யோகனின் சலூனில் மணிக்கூடு சரியாக ஓடுகிறது. எல்லாரிடமும் எல்லாம் வேலை செய்கிறது. ஒரே ஒரு இடத்தில் இல்லை. அது நான் வாயை மூடிக்கொண்ட இடம்.

ஈடாகக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? வீடு வசந்தி பேரில். கிணற்று மோட்டரும் அவளோடு போன சாமான். கதவு மாலினியுடையது. சைக்கிள் என்னுடையது.

பா.விடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"முதலே அந்த ஆளுக்குச் சொல்லியிரிக்கலாம்."

"சொல்லியிருந்தாக் கதவு வந்திரிக்காது."

"அதுவும் சரிதான்" என்றாள். பிறகு கீரைத் தண்டை எறிந்துவிட்டு, "போய்ச் சொல்லுங்க" என்றாள்.

பின்னேரம் போய்ச் சொன்னேன். தம்பி சொன்னது, பத்து நிமிடத்தில் நான் நிறுத்தியது, எல்லாம். அவர் பூவாளியைக் கீழே வைக்காமலே கேட்டார். தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"கதவக் கழட்டிக் கொண்டு வாறன்" என்றேன்.

"கதவால தண்ணி இறைக்க ஏலுமா?"

சைக்கிளை வைத்துக்கொள்ளச் சொன்னேன். பாத்திக்குத் திரும்பிவிட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் இன்னும் இரண்டு பூவாளி கவிழ்ந்து கிடந்தன. எடுத்து நிரப்பினேன்.

செப்டெம்பர் 8, திங்கள்

காலை, மாலை. புதிய பாத்தியில் ஐந்து தப்பும் போல. பதினொன்று முடிந்த கதை. மண் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கிறது. பேச்சில்லை.

முழங்காலுக்குப் பா. உப்புச் சுடு ஒத்தடம்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

அதே. கையில் கொப்புளம், இரண்டு. அவர் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தார், ஒரு கோப்பை. அவருக்கு.

செப்டெம்பர் 10, புதன்

அதே. மழைக்காலம் வரைக்கும் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? சொல் போன இடத்தில் பூவாளிதான் பேச வேண்டும்.

மாலினி: "அப்பா எங்க ஒவ்வொரு நாளும் போறீங்க?" பா. பதில் சொன்னாள்: "வேலைக்கு."

செப்டெம்பர் 11, வியாழன்

தேத்தண்ணி இரண்டு கோப்பை. சீனி இல்லை.

வெள்ளிக்குத் தேவையானது: புதுப் பானை, பால், தேங்காய், வெற்றிலை, குத்துவிளக்குத் திரி. வசந்தி தன் சேலை ஒன்றை மாலினிக்குக் கொடுத்திருக்கிறாள். புதிது, மடிப்புக் கலையாதது. நான் நினைத்ததிலும் நல்ல பிள்ளை.

செப்டெம்பர் 12, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. பால் காய்ச்சும் நேரத்துக்குத் தகப்பன் நிற்க வேண்டும் என்று பா. ஐந்து மணிக்கே தொடங்கினாள். நிற்கத்தான் ஆசை. ஒரு நாள் விடு என்று பூபாலபிள்ளையிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. இருட்டு விலகும்போதே சைக்கிளை எடுத்தேன்.

பழைய பாத்தி இருபத்திரண்டும் புதியது ஐந்தும். பதினாறாம் பாத்தியில் சேட்டுப் பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் பூவாளி. அடித்து ஓய்ந்தது. 6.40 ஆகியிருக்கும். பால் பொங்கியிருக்கும்.

முடித்து முகம் கழுவி, சைக்கிளில் கால் போடும்போது பின்னால் குரல்.

"தங்கராசா."

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பூவாளியக் கவிட்டு வெச்சிட்டுப் போங்க. நுளம்பு முட்டையிடும்."

முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பேர் அவருக்குத் தெரியும் என்றே நான் நினைத்ததில்லை. இறங்கிப் போய் நாலையும் கவிழ்த்து வைத்தேன்.

மாலினி வீட்டுக்கு வர எட்டு மணி. வந்தவர்கள் போய்விட்டார்கள். வாசலில் மாவிலை, மஞ்சள் தண்ணீர். நாய் நுழையாமல் கதவைச் சாத்தியிருந்தாள். தட்டினேன்.

"ஆரது?" உள்ளேயிருந்து மாலினி.

அதே கதவு. தபால் என்று வாய் எடுத்தது. விழுங்கிவிட்டேன்.

"அப்பாதான் புள்ள."